சந்தோசம் வந்தால் ஒண்டுக்கு வரும்

நாய் வளர்க்கிற வீடுகளில் நாயைப் பற்றிய முறைப்பாடுகள் பாதி பெருமையாகத்தான் இருக்கும். செருப்பைக் கடிச்சுப் போட்டுது, பக்கத்து வளவுக் கோழியைத் துரத்திட்டுது, தபால்காரரை உள்ளே விடுதில்ல என்று சொல்கிற ஆளின் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். ஆனால் "எங்கட நாய் ஆளைக் கண்டால் சந்தோசத்தில ஒண்டுக்கு அடிக்குது" என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அது வீட்டுக்கே வெட்கமான கதை மாதிரி. நாங்கள் சொல்லப் போகிறோம். எட்டு மாதமாக இதோடுதான் சீவிக்கிறோம். இதைப் பற்றித் தமிழில் தேடிப் பார்த்தபோது எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவும் இல்லை.

நாங்கள் என்றால் ஐந்து பேர். ஒலுவிலில் கம்பஸ் படித்து வெள்ளிக்கிழமைகளில் வீடு வருகிற ஒராள், ஏ.எல். படிக்கிற தம்பி, அம்மா, வயலுக்குப் போய் வருகிற அப்பா, எல்லாரையும் ஆள்கிற பெத்தா. வீடு வினாயகபுரம். அக்கரைப்பற்றில் பொத்துவில் பஸ் ஏறினால் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டி எங்கட ஊர். கிழக்கே பார்த்தால் கடல், மேற்கே வயல். ஜூலி ஆறாவது ஆள்.

ஜூலி வந்தது போன வருச மாரிக்கு முன்னால். கடற்கரையில் மீன் வாடிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பெட்டியில் மூன்று பெட்டைக் குட்டிகளை விட்டுட்டுப் போயிருந்தார்கள். கடுவன் குட்டி என்றால் ஊரில் யாராவது கேட்டு வாங்குவார்கள். பெட்டைக் குட்டிகளைத்தான் இப்படிக் கொண்டு வந்து போடுவார்கள். தம்பி அதில் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அம்மா கையோடு பால் கரைத்துக் கொடுத்தா. பெத்தா, "ஆர்ர தலையில இந்த வேலை விழப்போகுது?" என்று மட்டும் கேட்டா.

கேள்விக்குப் பதில் சீக்கிரமே வந்தது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் கேற்றடியில் நிற்கும். ஜூலி விறாந்தையிலிருந்து பறந்து போவாள். வால் மட்டும் ஆடாது, பின்பக்கம் முழுக்க ஆடும். அப்பா குனிந்து "என்னடி பிள்ள" என்று தலையில் கை வைக்கிற அந்த நொடியில் சீமெந்துத் தரையில் ஒரு சின்னக் குளம் உண்டாகும். அம்மா சந்தையால் வந்தாலும் அதே கதை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கம்பஸ் ஆள் வந்து இறங்கினால் குளம் பெருகி ஆறாகும். ஐந்து நாள் பாக்கி எல்லாம் சேர்த்துத் தருவாள்.

வேடிக்கை என்னவென்றால் மற்ற நேரத்தில் ஜூலி சுத்தமான ஆள். இரண்டு மாதக் குட்டியாக இருக்கும்போதே வளவு மூலையில் முருங்கை மரத்தடிக்குப் போய்த்தான் இருப்பாள். ராத்திரியில் தட்டி எழுப்பி வெளியே போகக் கேட்பாள். அப்படியானவள் ஆளைக் கண்டால் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே விடுகிறாள்? இதுதான் எங்களைக் குழப்பியது. பழக்கம் இல்லாமையால் என்று சொல்ல முடியாது. பழக்கம் இருக்கிறது. ஏதோ ஒன்று அந்தப் பழக்கத்தைத் தாண்டி வருகிறது.

குசினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிற கலண்டரில் தம்பி புள்ளி போடத் தொடங்கினான். எத்தனை தரம், யார் வந்தபோது, ஜூலி எப்படி நின்றாள் என்று மூன்றே விசயம். முதல் கிழமையில் பத்தொன்பது புள்ளி. இரண்டு கிழமை முடியும்போது ஒரு விசயம் தெளிவாகத் தெரிந்தது. புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை.

அம்மாவும் கம்பஸ் ஆளும் வரும்போது ஜூலி நின்றபடி, துள்ளியபடி, காது நிமிர்ந்தபடி விடுகிறாள். விளையாட்டு உச்சத்துக்குப் போனாலும் இப்படித்தான். ஆனால் உயரமான சித்தப்பா வந்து நேரே நின்று பெரிய குரலில் "எங்கடா உங்கட நாய்?" என்று கேட்டால் அவள் பதுங்குவாள். காது பின்னால் ஒட்டும், முகம் மற்றப் பக்கம் திரும்பும், வால் காலுக்குள் போகும், மெல்லப் புரண்டு வயிற்றைக் காட்டுவாள். அப்போதும் சொட்டும். பார்க்கிற ஆளுக்கு இரண்டும் ஒன்றுதான்; தரை நனைந்திருக்கிறது. நாய்க்கு இரண்டும் வேறு. முதலாவது சந்தோசத்தில் வருவது. இரண்டாவது பணிவில் வருவது, "நான் சின்ன ஆள், என்னை ஒண்டும் செய்யாதீங்க" என்கிற மாதிரி. நிறையக் குட்டிகளில் இரண்டும் கலந்தே இருக்கும். அப்பா குனிந்து தலையில் கை வைக்கிறபோது ஜூலிக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது என்று நினைக்கிறோம்.

காரணம் உடம்பிலேயே இருக்கிறது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிப் பிடிக்கிற தசை குட்டி நாயில் இன்னும் முழுதாக வசப்படவில்லை. சும்மா இருக்கும்போது பிடிக்கத் தெரியும். உணர்ச்சி ஒரேயடியாகப் பொங்கும்போது பிடி விட்டுப்போகும். சின்னப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் காற்சட்டையை நனைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கே தெரியாமல் நடக்கிற காரியம் இது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை அண்டி வரும்போது தானாகக் குறைந்து நின்றுவிடும்.

பணிவில் வருவதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று இருக்கிறது. பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் அதைப் புரட்டிப் போட்டு வயிற்றின் கீழ்ப்பக்கம் நக்கினால்தான் வரும். ஏறத்தாழ மூன்று கிழமைக்குப் பிறகுதான் அது தானாகச் செய்யப் பழகுகிறது. ஓநாய்களை ஆராய்ந்த சுவிற்சர்லாந்துக்காரர் ருடோல்ஃப் ஷென்கல் 1967 இல் எழுதிய கட்டுரையில், வளர்ந்த ஓநாயும் நாயும் பெரிய ஆளின் முன்னால் மல்லாந்து கிடப்பது அந்தக் குட்டிக்கால நிலையிலிருந்து வந்தது என்று விளக்கினார். அதாவது சித்தப்பாவின் முன்னால் ஜூலி புரண்டு கிடந்து சொட்டும்போது அவள் செய்வது, தாய்க்கு முன்னால் கிடந்த அதே காரியத்தைத்தான். நாயின் பாசையில் அதைவிடப் பெரிய மரியாதை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதற்குத்தான் நாங்கள் தும்புத்தடியைத் தூக்குகிறோம்.

தும்புத்தடி என்றதும் ஊர் வைத்தியம் ஞாபகம் வருகிறது. இந்தக் கதையைக் கேட்ட எல்லாரிடமும் ஒரு மருந்து இருந்தது. மூக்கை அதிலேயே தேய்த்து விடு. ஈர்க்குக் கட்டால் இரண்டு போடு. தண்ணி குடிக்கக் குடுக்காத. கேற்றடியில் சங்கிலி போட்டுக் கட்டு. பெத்தாவின் மருந்து எல்லாவற்றையும்விடச் சுருக்கம்: "கொண்டு போய் எடுத்த இடத்திலயே விட்டுட்டு வா மனே."

அடியும் மூக்குத் தேய்ப்பும் ஏன் வேலை செய்யாது என்பதைக் கலண்டர் பார்த்தாலே விளங்கும். சந்தோசத்தில் விட்டவளுக்கு அடித்தால், ஆள் வருவது பயம் என்று படிப்பாள். அடுத்த தரம் பயத்தில் பதுங்குவாள். பதுங்கினால் பணிவு. பணிவென்றால் திரும்பவும் சொட்டும். ஒரு வகைப் புள்ளி மறைந்து மற்ற வகைப் புள்ளி கூடும், அவ்வளவுதான். அதோடு, தான் என்ன செய்தேன் என்பதே தெரியாத நாய்க்கு அடி எதற்கு என்று எப்படித் தெரியும்? தண்ணீரை நிறுத்துவது அதைவிட மோசம். எங்கட ஊர் வெயிலில் அது நாயை நோயாளி ஆக்கும்.

தம்பியின் போனில் இன்னொரு மருந்து வந்தது. யூடியூப்பில் ஒரு ஆள் நாயைப் புரட்டிப் போட்டுத் தொண்டையில் கை வைத்து அமர்த்துகிறார். "நீதான் ஆல்ஃபா என்று காட்டு" என்கிறார். இந்த 'ஆல்ஃபா' கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தோம். அதன் தொடக்கத்திலும் ஷென்கல்தான் இருக்கிறார். 1947 இல் அவர் வெளியிட்ட முதல் ஆய்வு, பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அடைப்புக்குள் கிடந்த அந்த ஓநாய்கள் இடத்துக்காகச் சண்டை பிடித்தன. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970 இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டு போனது. பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை வருசக் கணக்காகப் பார்த்த அதே மெக், 1999 இல் தானே திருத்தி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அநேகமாக ஒரு குடும்பம், தாயும் தகப்பனும் பிள்ளைகளும். யாரும் யாரையும் அடித்துத் தலைவர் ஆவதில்லை. தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். புத்தகம் எழுதினவரே விட்ட கதையை யூடியூப் ஆக்கள் இன்னும் விடவில்லை.

2009 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மிருக வைத்தியர்கள் நாய் வளர்க்கிறவர்களிடம் கேட்டுச் செய்த ஆய்வு ஒன்றும் கிடைத்தது. நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 வீதமானோரிடம் நாய் சீறியோ கடிக்க வந்தோ இருக்கிறது. புரட்டிப் போட்டு அமர்த்தியவர்களில் 31 வீதம். சந்தோசத்தில் ஒண்டுக்கு அடிக்கிற நாயைக் கடிக்கிற நாயாக மாற்ற வழி தேடுகிறவர்களுக்கு அது நல்ல மருந்துதான். தம்பி அந்த வீடியோவை அழித்துவிட்டான்.

வேறு எதையும் தொடங்க முன்னம் மிருக வைத்தியரிடம் போனோம். விசர்நாய்த் தடுப்பூசியும் போட இருந்தது. அவர் ஜூலியை மேசையில் வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நாலு கேள்வி கேட்டார். படுத்து எழும்புகிற இடம் ஈரமாக இருக்கிறதா? அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறாளா? போகும்போது முனகுகிறாளா, நிறம் மாறி இருக்கிறதா? வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடிக்கிறாளா? நாலுக்கும் இல்லை என்றோம்.

இந்த நாலு கேள்வியையும் நீங்களும் மனதில் வைத்திருங்கள். நித்திரையில் தன்னை அறியாமல் ஒழுகினால் அது சந்தோசக் கணக்கில் வராது. சில பெட்டைக் குட்டிகளுக்குச் சிறுநீரகத்திலிருந்து வருகிற குழாய் பிறவியிலேயே சிறுநீர்ப்பையில் சேராமல் பிழையான இடத்தில் திறந்திருக்கும். அவை நாள் முழுக்கச் சொட்டும். அடிக்கடி போவதும் முனகுவதும் கிருமித் தொற்றாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்தும் சத்திர சிகிச்சையும் இருக்கின்றன, பழக்கிச் சரிக்கட்ட முடியாது. இப்படிச் சொட்டுகிற பெட்டைக் குட்டிக்குக் கருத்தடை எப்போது செய்வது என்பதையும் வைத்தியரோடு கதைத்தே முடிவெடுக்க வேண்டும். எங்கட வைத்தியர் கடைசியில் சொன்னது: "இவளுக்கு ஒண்டும் இல்ல. நீங்க வாற மாதிரிய மாத்துங்க."

வாற மாதிரியை மாற்றுவது. கேட்க லேசாக இருந்தது. ஐந்து பேர் வீட்டில் அது எவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது, ஏனென்றால் வீட்டுக்கு வருவதன் இன்பமே வாசலில் வந்து நின்று கூப்பிடுவதில்தான் இருக்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட முறை இதுதான். கேற்றைத் திறந்து வருகிற ஆள் ஜூலியைக் கண்டுகொள்ளக் கூடாது. பெயர் சொல்லக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, தொடக் கூடாது. மண்ணிலேயே நடந்து கிணற்றடிப் பக்கம் போக வேண்டும். ஜூலி பின்னால் வருவாள். சொட்டினால் மண்ணில் சொட்டட்டும், அதற்கு ஒரு வார்த்தையும் இல்லை. அவளுடைய நாலு காலும் தரையில் நின்று, மூச்சு ஆறி, வால் ஆட்டம் சாதாரணத்துக்கு வந்த பிறகு, பக்கவாட்டில் திரும்பிக் குந்தியிருந்து நாடிக்குக் கீழே மெதுவாகத் தடவலாம். மேலிருந்து குனிந்து தலையில் கை வைப்பது யாருக்கும் அனுமதி இல்லை. சராசரியாக மூன்று, நாலு நிமிடம் எடுக்கும். வெள்ளிக்கிழமை என்றால் பத்து நிமிடம்.

இரண்டாவது, வருகிற ஆளின் கையில் எப்போதும் ஒரு மாரி பிஸ்கட் உடைத்தபடி இருக்கும். கேற்றைத் திறந்ததும் துண்டுகளை மண்ணில் சிதறி எறிவது. கையால் ஊட்டுவதில்லை. மூக்கை நிலத்தில் வைத்துத் தேடுகிற நாய்க்குத் துள்ள நேரம் இல்லை. தேடி முடிக்கும்போது பாதி வேகம் அடங்கிவிடும். மூன்றாவது, யாராவது வருவார்கள் என்று முன்னமே தெரிந்தால் கால் மணித்தியாலத்துக்கு முதல் முருங்கை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவது. வெறும் பையிலிருந்து எவ்வளவு வரும்? நாலாவது, சும்மா இருக்கிற நேரத்தில் "இரு" என்று சொல்லி இருக்கப் பழக்குவது. ஆள் வந்து நிற்கும்போது செய்ய ஒரு வேலை தெரிந்த நாய், என்ன செய்வதென்று தெரியாமல் திணறுகிற நாயைவிட அமைதியாக இருக்கும்.

ஐந்து பேரில் இதற்குக் கட்டுப்படாதவர் ஒருவர்தான், அப்பா. நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வருகிற மனிசனுக்கு, தன்னைக் கண்டு இந்த அளவு சந்தோசப்படுகிற உயிர் வீட்டில் வேறு இல்லை. அதைக் காணாத மாதிரிப் போ என்றால்? "அது பாவம், என்னை நினைச்சுக்கொண்டே இருந்திருக்கும்" என்பார். கடைசியில் அம்மாதான் ஒரு வழி செய்தா. மோட்டார் சைக்கிளை கேற்றடியில் நிறுத்தாமல் நேரே பின்வளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கிணற்றில் கால் கழுவி முடித்த பிறகுதான் ஜூலியோடு கதைக்கலாம். கால் கழுவுவது அப்பாவின் பழைய பழக்கம். அதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும். அப்பாவுக்கும் காத்திருக்கிற மாதிரித் தெரியாது, ஜூலிக்கும் ஆறிவிடும்.

துடைக்கிற கதையையும் சொல்லியாக வேண்டும். சீமெந்துத் தரையில் வெறும் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் மணம் போகாது. எங்கட மூக்குக்குப் போனாலும் நாயின் மூக்குக்குப் போகாது. போகாத இடத்தில் திரும்பவும் போகத் தோன்றும். அமோனியா கலந்த துப்பரவுத் திரவங்கள் சிறுநீர் மணத்தையே திரும்பத் தரும், அவற்றை விடுங்கள். நொதியம் சேர்த்த திரவங்கள்தான் நல்லது என்கிறார்கள், எங்கட பக்கத்துக் கடைகளில் அதை நாங்கள் காணவில்லை. பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, காய்ந்த பிறகு அப்பச்சோடா தூவிக் கூட்டி எடுத்தால் போதும். துடைக்கும்போது நாய் பக்கத்தில் நின்றால் முறைக்கவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம்.

இவ்வளவும் எங்கட வீட்டுக்குள் நடக்கிற கதை. வீட்டுக்கு வெளியிலிருந்து ஆக்கள் வரும்போதுதான் இது பெரிய விசயமாகிறது.

தைப்பொங்கலுக்கு எங்கட பட்ச் சிநேகிதிகள் மூன்று பேர் வந்தார்கள், அக்கரைப்பற்றிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும். மூன்று பேரும் முஸ்லிம் பிள்ளைகள். முதல் வருசத்திலிருந்து ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே நோட்ஸைக் கொப்பியடித்துப் படிக்கிறோம். ஆனால் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவது இந்தப் பக்கத்தில் இன்னும் சின்ன விசயம் இல்லை. எங்கட அப்பா அம்மாவின் வயதுக்காரர்களுக்கு ஊருக்கு ஊர் பயந்திருந்த காலம் ஞாபகம் இருக்கிறது. அன்று அவர்கள் பஸ் ஏறி வந்ததே எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஜூலிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பின்வளவுக் கதவு எப்படியோ திறந்து, ஓடி வந்து, ஒருத்தியின் காலடியில் துள்ளி, அபாயாவின் கரையை நனைத்துவிட்டாள்.

நாயின் எச்சிலோ சிறுநீரோ ஈரமாகப் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் சேர்த்துக் கழுவ வேண்டும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் அந்த வழிதான். அது எங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லாரும் உறைந்து நின்றோம். அவள் கத்தவில்லை. "பரவாயில்லகா, கழுவலாம்" என்று சொல்லி கிணற்றடிக்குப் போனாள். போகும்போது பெத்தாவைப் பார்த்து, "சுத்தமான மண் கொஞ்சம் தாங்க பெத்தா" என்றாள்.

பெத்தா ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆள் நடமாடாத மூலையில் மேல் மண்ணைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு சிரட்டை மண் அள்ளிக்கொண்டு வந்தா. தானே வாளியில் அள்ளி அள்ளி ஊற்றி, வாய்க்குள் எண்ணிக்கொண்டும் இருந்தா. பெத்தாவுக்கு இது புதிய பாசை இல்லை. விரத நாளில் ஜூலி சாமி அறைப் பக்கம் வந்துவிட்டால் அந்த இடத்தை மஞ்சள் தண்ணி தெளித்துக் கழுவுகிற ஆள் அவ. வைரவருக்கு நாய்தான் வாகனம் என்று சொல்லிக் கும்பிடுகிறவவும் அவதான். நாய்க்கு உயிர் என்ற மதிப்பு வேறு, அது எங்கே படலாம் எங்கே படக் கூடாது என்பது வேறு. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்புவது நாங்கள்தான், நாய் வீடியோ பார்த்து வளர்கிற எங்கட வயதுக்காரர்.

அன்று பின்னேரம் சாப்பிட்டு முடித்து இருந்தபோது அந்தச் சிநேகிதி இரண்டு விசயம் சொன்னாள். தாகத்தில் நாக்கைத் தொங்கப் போட்டு நின்ற நாய்க்கு, கிணற்றில் இறங்கித் தன் தோல் காலுறையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்த மனிதரை அல்லாஹ் மன்னித்த கதை ஹதீஸில் இருக்கிறது. குகைவாசிகளின் கதையில் அவர்களோடு போன நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்தது குர்ஆனிலேயே இருக்கிறது, சூரத்துல் கஹ்ஃபில். "நாய வெறுக்கச் சொல்லல்ல. எங்களுக்குத் தொழுகை இரிக்கி, உடுப்புச் சுத்தமா இரிக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு அது சின்ன விசயமாகத் தெரியவில்லை. நாய்ப் பிரியர்கள் பொதுவாகச் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: "அது ஒண்டும் செய்யாது, பாசத்தில வருது, பயப்படாதீங்க." சொல்கிற எங்களுக்கு அது நல்ல வசனம். கேட்கிற ஆளுக்கு, என் நாயின் சந்தோசம் உன் தொழுகையைவிடப் பெரிது என்று கேட்கும். பயப்படுகிறவர்களுக்கும் அப்படித்தான். விசர்நாய்க் கடியில் ஆக்கள் சாகிற கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. வருகிற எல்லாரும் எங்கட நாயை நேசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு என்ன உரிமை?

அன்றிரவு பெத்தா திரும்பவும் வாடியடிப் பேச்சை எடுத்தா. இந்தத் தரம் கோபமாக இல்லை. "வீட்டுக்குப் பிள்ளைகள் வராமப் போனா என்ன செய்யிற? ஒரு நாயால சனம் வராத வீடா ஆகக் கூடாது" என்றா. ஜூலியை வைத்திருப்பதா, சிநேகிதிகள் வருகிற வீடாக இருப்பதா என்று ஒரு கேள்வி வந்து நின்றது. இரண்டில் ஒன்றை விட நாங்கள் தயாராக இல்லை. அதனால்தான் வைத்தியர் சொன்ன முறையில் தை மாதத்துக்குப் பிறகு ஒரு நாளும் தளரவில்லை.

விருந்தாளிகளுக்கு மட்டும் ஒன்றைக் கூட்டினோம். அவர்களுக்காக ஜூலி 'நல்லா நடந்துகொள்ள' வேண்டிய தேவையே இல்லை, அவள் வாசலுக்கே வருவதில்லை. பஸ் ஏறியதும் அவர்கள் மெசேஜ் போடுவார்கள். தம்பி ஜூலியைக் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டம் கூட்டிக்கொண்டு போய் வருவான். வந்ததும் பின்வளவு, சோறும் கருவாடும் போட்ட சிரட்டை, கம்பி வலை அடித்த கதவு, உள்பக்கம் கொக்கி. சங்கிலியில் கட்டுவதில்லை. கட்டிப் போட்ட நாய் ஆளைப் பார்த்துப் பார்த்து இன்னும் கூடத் துடிக்கும். வலைக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கிற நாய் கொஞ்ச நேரத்தில் நித்திரையாகிவிடும். வருகிறவர்களுக்குத் தொழ வேண்டுமென்றால், ஜூலி ஒரு நாளும் போகாத உள் அறையில் அம்மா கழுவிக் காயவைத்த பாய் மடித்து வைத்திருப்பா.

செமஸ்டர் பரீட்சைக்கு மூன்று பேரும் திரும்ப வந்து இரண்டு நாள் படித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் பின்னேரம், அபாயா நனைந்தவளே வலைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, "ஜூலி, சாப்பிட்டயா?" என்று கேட்டாள். ஜூலி எழும்பி நின்று வாலை ஆட்டினாள். தரை காய்ந்தே இருந்தது. அவள் தொடவில்லை, தொடவும் வேண்டியதில்லை.

இப்போது ஜூலிக்கு ஏறத்தாழ பத்து மாதம். போன மாதக் கலண்டரில் மொத்தம் நாலு புள்ளி. மூன்று வெள்ளிக்கிழமைகளில், ஒன்று இடி முழங்கிய நாளில். இதில் எவ்வளவு எங்கட முறையால் வந்தது, எவ்வளவு அவள் வளர்ந்ததால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. வளர்ந்தால் நிற்கிற விசயம்தான். ஆனால் அது நிற்கும் வரைக்கும் அடி வாங்காமல், கடற்கரையில் கொண்டுபோய் விடப்படாமல் ஒரு குட்டி இருக்க வேண்டுமே. அந்த ஒரு வருசத்தைத் தாண்டுவதற்குத்தான் முறை. எத்தனை குட்டிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஆறாம் மாதத்தில் வாடியடிக்குத் திரும்பிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

வருகிற ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் பக்கம் சனம் நிறையும், எங்கட வீட்டுக்கும் சொந்தக்காரர் இருபது பேராவது வருவார்கள். உயரமான சித்தப்பாவும் வருவார். கேற்றில் ஒட்டுவதற்குத் தம்பி ஒரு மட்டையில் எழுதி வைத்திருக்கிறான்: "உள்ளே வாங்க. நாயோட கதைக்காதீங்க. கொஞ்சம் செண்டு அது உங்களோட கதைக்கும்." பெத்தாதான் அதைப் பார்த்துவிட்டு, எழுத்து சின்னனாக இருக்கிறது, கண் தெரியாத ஆக்களும் வருவார்கள், பெரிசாக எழுது என்று சொல்லியிருக்கிறா.